கமர்கட்டு வைக்கவில்லை

அன்புள்ள கௌரிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். வெள்ளிக்கிழமை சித்தி மகன் கிளம்புகிறான். அவனிடம் கொடுத்துவிடும் பையில் கடலை மிட்டாயும் மாப்பிள்ளைக்குச் சாத்தூர் காரச்சேவும் இருக்கின்றன. கமர்கட்டைத் தேடாதே, பேரன் பல்லை நினைத்து வைக்கவில்லை. ஜவ்வு மிட்டாயும் கிடையாது.

அப்பாவுக்கு இதில் வருத்தம்தான். “வெல்லமும் தேங்காயும் போட்டது, அந்த ஸ்வீடன் ஊர் ஜெல்லி மிட்டாயை விடவா கெடுதல்?” என்கிறார். பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்று தலை நரைத்தவளிடம் வந்து கேட்கிறார்! வெல்லமோ கருப்பட்டியோ வெள்ளைச் சீனியோ, பல்லில் ஒட்டியிருக்கிற கிருமிக்கு எல்லாம் ஒன்றுதான். கருப்பட்டியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், அதாவது சீனியில் இருக்கிற அதே சர்க்கரை. கிருமி அதைத் தின்று அமிலமாக்கும். புளிப்பு ஏற ஏற pH என்கிற அளவு இறங்கும்; வாய்க்குள் அது 5.5க்குக் கீழே இறங்கிவிட்டால் பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமலில் இருக்கிற சுண்ணாம்புச்சத்து கரைய ஆரம்பிக்கும். அப்புறம் எச்சில் ஊறி அந்தப் புளிப்பை ஆற்ற அரை மணி நேரமாவது பிடிக்கும். அதற்குள் இன்னொரு மிட்டாய் வாய்க்குப் போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

அதனால் எத்தனை மிட்டாய் என்பதைவிட, எத்தனை தடவை, எவ்வளவு நேரம் பல்லில் கிடக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். பத்தை ஒரே மூச்சில் தின்றவன் தப்பித்துவிடுவான். அதே பத்தை டவுசர் பையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து ராத்திரி வரை ஒவ்வொன்றாகத் தின்கிறவன்தான் எங்கள் ஆஸ்பத்திரி நாற்காலிக்கு வந்து சேருவான்.

இதைக் கண்டுபிடித்த கதை நீ இருக்கிற லுண்ட் ஊர்க் கதைதான், தெரியுமா? அங்கே வீப்பேஹோல்ம் என்று ஒரு மனநலக் காப்பகம் இருந்தது. மூளை வளர்ச்சி குன்றியவர்களை வைத்திருந்த இடம். 1940களின் பிற்பகுதியில் அவர்களில் ஒரு பகுதியினருக்கு, பல்லில் ஒட்டுவதற்கென்றே செய்த டாஃபியை வேளைக்கு வேளை சாப்பாட்டுக்கு நடுவே கொடுத்தார்கள். சாப்பாட்டோடு சர்க்கரை எடுத்தவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. டாஃபி தின்றவர்களின் பற்கள் நாசமாயின. சம்மதம் சொல்லவோ மறுக்கவோ தெரியாத மனிதர்கள். அந்த ஆராய்ச்சிக்கு அரசாங்கத்தோடு சர்க்கரைக் கம்பெனிகளும் பணம் போட்டன. எங்கள் டாக்டரம்மா இதைச் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்று உன் மகனுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடமிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம் அந்த ஆராய்ச்சிக்குப் பிறகு அங்கே சொல்லப்பட்ட யோசனைதான். நல்ல பழக்கம், விட்டுவிடாதே. வாரம் முழுக்க தரமாட்டாயா என்று அவன் அழுதால் அழட்டும்.

ஆனால் அந்தச் சனிக்கிழமைப் பையில் என்ன அள்ளிப் போடுகிறான் என்று பார்த்துக்கொள். போனில் காட்டினானே, மேலே வெள்ளைத் தூள் தூவிய புளிப்பு ஜெல்லி, அதுதான் எனக்குப் பயம். அந்தத் தூளில் சிட்ரிக் அமிலம் இருக்கும். கிருமிக்கு வேலையே வைக்காமல் அது நேராக எனாமலை இளக்கிவிடும். ஜெல்லி வேறு கடைவாய்ப் பல் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தின்றதும் பிரஷைத் தூக்காதே, இளகிய எனாமல் தேய்ந்துவிடும். தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளிக்கச் சொல். முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம்.

குச்சி மிட்டாய் சாது மாதிரி தெரியும். கரையக் கரைய வாயில் கிடப்பதே அதன் கெடுதல். சாக்லேட் எவ்வளவோ பரவாயில்லை, கொழுப்போடு சேர்ந்து உருகிச் சீக்கிரம் இறங்கிவிடும். (உடனே பெட்டி பெட்டியாக வாங்காதே.)

கடலை மிட்டாயை மட்டும் ஏன் அனுப்புகிறாள் என்று நீ கேட்பாய். நம் கோவில்பட்டிக்கு 2020இல் புவிசார் குறியீடு வாங்கித் தந்ததாயிற்றே என்ற பெருமைக்காக என்றே வைத்துக்கொள். அதிலும் பாகு இருக்கிறது, ஒட்டவும் செய்யும். ஆனால் கடலையை மென்று தின்றாக வேண்டும், மென்றுகொண்டே இருந்தால் எச்சில் ஊறும். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு துண்டு கொடு. படுக்கப் போகும்போது கண்டிப்பாக வேண்டாம், தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறைந்துவிடும். ஃப்ளோரைடு பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து நீயே தேய்த்துவிடு. ஆறு வயதுப் பிள்ளை தேய்ப்பது முன்பல்லோடு நின்றுவிடும்.

இன்னொன்று. இந்த வயதில்தான் கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால், இதுவும் பால் பல்தான், விழுந்துவிடும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது கடைசி வரைக்கும் இருக்க வேண்டிய பல். அது சொத்தையாகிப் பிடுங்கக் கூட்டிவந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போன் டார்ச்சை அடித்து வாயைத் திறக்கச் சொல்லி, கீழ்த்தாடை இரண்டு பக்கமும் பார். முளைத்திருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அங்கே பல் டாக்டரிடம் கூட்டிப் போகும்போது அந்தப் பல்லின் பள்ளத்தை மூடிப் பூச வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா