ராஜாக்கள் இன்னும் ஃபிரிட்ஜ் மேலேதான் இருக்கிறார்கள்

நாகர்கோவில்,
டிசம்பர் 14, ஞாயிறு

மக்களே,

நேற்று நீ கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை, ஜனவரி 3ஆம் தேதிதான் வந்து இறங்குவேன் என்று சொன்னபோது நான் "சரி, பரவாயில்லை" என்று சொல்லிப் படக்கென்று போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை. முதல் கேக்குக்கு அடுப்பில் சீனி கருக்கிக்கொண்டிருந்தேன், உனக்கே தெரியும், அது தேன் நிறம் தாண்டிக் காப்பி நிறத்துக்கு வந்ததும் சுடுதண்ணீர் ஊற்றிவிட வேண்டும், அரை நிமிஷம் பிந்தினாலும் கசந்துபோகும். திரும்பிப் போய்ப் பார்த்தால் சட்டியில் தார் கிடக்கிறது. கால் கிலோ சீனி போச்சு, சட்டியை இன்று காலை வரை ஊறப்போட்டுச் சுரண்டினேன். சுரண்டும்போது கொஞ்சம் அழுதேன், அது உண்மைதான், அதைச் சட்டி மேல் போட்டுக்கொள்கிறேன்.

இதை வாட்ஸப்பில் தட்டினால் எனக்கு விரல் வலிக்கும். அதனால் தாளில் எழுதி உன் அண்ணனிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லப்போகிறேன். கையெழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் படி.

இன்று காலைப் பூசையில் மூன்றாவது மெழுகுதிரி ஏற்றினார்கள், மூன்று ஊதாவுக்கு நடுவே ஒன்றே ஒன்று ரோஸ் நிறத்தில் இருக்குமே, அது. சின்ன வயதில் அதை உன் மெழுகுதிரி என்று சொல்லிக்கொண்டு திரிவாய். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நாம் இன்னும் கிறிஸ்துமஸுக்குள்ளேயே போகவில்லை. இது திருவருகைக் காலம், காத்திருக்கிற காலம். கோவில் கணக்குப்படி கிறிஸ்துமஸ் காலம் 24ஆம் தேதி ராத்திரிதான் தொடங்குகிறது. அது ஆண்டவருடைய ஞானஸ்நானத் திருநாள் வரை போகும், இந்தத் தடவை அது ஜனவரி 11. நீ வருவது 3. அப்படியானால் நீ எங்கே பிந்தி வருகிறாய்? நடுவில்தானே வருகிறாய்?

நாமெல்லாம் செய்கிற வேலை என்ன தெரியுமா. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3ஆம் தேதி முடிந்ததும் அந்தச் சூட்டிலேயே ஸ்டாரைக் கட்டிவிடுகிறோம், அப்புறம் நம் தெருக் குடும்பங்கள் கூடுகிற அன்பியத்தில் ஒரு கிறிஸ்துமஸ், ஆபீஸில் ஒரு கிறிஸ்துமஸ், பள்ளிக்கூடத்தில் ஒரு கிறிஸ்துமஸ், கேரல் வருகிற பையன்கள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டிரம் அடித்து எழுப்பிவிட்டுக் கேக் தின்றுவிட்டுப் போகிறார்கள். 25ஆம் தேதி மத்தியானம் பிரியாணி தின்று தூங்கி எழுந்தால் எல்லாம் முடிந்த மாதிரி ஒரு சோர்வு வந்துவிடுகிறது. தொடங்குகிற அன்றைக்கே முடித்துவிடுகிறோம். மறுநாள் முடியப்பர் திருநாள், அன்றைக்குக் கோவிலில் மிஞ்சினால் முப்பது பேர் இருப்பார்கள். அங்கே அயர்லாந்தில் அன்றைக்கும் அரசு விடுமுறை என்று நீ சொன்னபோது, முடியப்பர்தான் ஸ்டீபன் என்று நான் சொல்லி நீ நம்பவில்லை, ஞாபகம் இருக்கிறதா.

போன வருஷம் நமக்கு அந்த ஒரு நாளும் இல்லை. பாட்டி நவம்பரில் போனார்கள். வருஷம் திரும்பாத வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது என்று உன் பெரியம்மை சொன்னாள், நானும் வைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மூன்று தூக்குச்சட்டி நிறையப் பலகாரம் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்கள் வீட்டில் தீபாவளிதான் பண்டிகை, கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் சுட்டுப் பழக்கமில்லை, நமக்காகவே உட்கார்ந்து சுட்டிருக்கிறார்கள், அதிரசம் கொஞ்சம் கெட்டிதான், ஆனால் நான் ஒன்றுகூட வீணாக்கவில்லை. பாட்டி போனபோதும் உன்னால் வர முடியவில்லை, நீ வீடியோவில் பார்த்துக்கொண்டு நின்றாய். அதைப் பற்றி நாம் இதுவரை பேசவில்லை. வந்தபிறகு பேசலாம், பேசாவிட்டாலும் சரி.

இந்த வருஷம் பாட்டியின் அச்சுமுறுக்கு அச்சை எடுத்தேன். ஒரு வருஷம் எண்ணெய் காணாததில் லேசாகத் துருப் பிடித்திருந்தது. புளி போட்டுத் தேய்த்து, ஒரு நாள் முழுக்க எண்ணெயில் போட்டு வைத்து, நேற்று ஒரு முட்டையில் பழக்கிப் பார்த்தேன். முதல் நாலைந்து ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. அச்சு எண்ணெயில் கிடந்து நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், மாவில் முக்கும்போது முக்கால் பாகத்துக்கு மேல் போகக்கூடாது, மேலே மாவு ஏறிவிட்டால் முறுக்கு கழன்று விழாது. உனக்கு இதெல்லாம் சொல்லவேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன், பாட்டி என்னிடமும் முப்பது வருஷம் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். ராத்திரி தூக்கம் வராமல் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். எது எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்துப் பிரித்துவிட்டேன்.

கேக்கைப் பற்றிக் கவலையே இல்லை. கிஸ்மிஸ், கறுப்பு திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் நவம்பர் முதல் வாரத்திலேயே ரம்மில் போட்டுவிட்டேன் (ரம் வாங்கி வந்தது யார், அதை உங்கப்பா எத்தனை நாள் அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் வேறு கதை). பழக் கேக் சுட்ட அன்றைக்கு ருசியாகவே இருக்காது, இரண்டு வாரம் பட்டர் பேப்பரில் சுற்றி டின்னில் கிடந்தால்தான் பழமும் மாவும் ஒன்றோடொன்று சேரும். 20ஆம் தேதி சுடுகிறேன், உனக்குரியது அது. கிறிஸ்துமஸ் அன்றைக்கு வெட்டுகிறவர்களைவிட நல்ல கேக் நீதான் தின்னப்போகிறாய்.

முந்திரிக்கொத்துதான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. உன்னோடு வேலை செய்கிறவர்கள் அதில் முந்திரிப்பருப்பைத் தேடினார்கள் என்றாயே, நல்ல சிரிப்பு. அது முந்திரிப்பருப்பு இல்லை, கொடிமுந்திரி, திராட்சைக் குலை மாதிரி மூன்று மூன்றாக ஒட்டிக் கிடப்பதால் அந்தப் பெயர் என்று அவர்களிடம் சொல். ஒரு கிலோ பாசிப்பயறு வறுத்து, ரவைப் பதத்துக்கு மில்லில் உடைத்து வாங்கி, சர்க்கரைப் பாகில் (அங்கே போய் நீ சர்க்கரை என்றால் சீனி என்று நினைக்க ஆரம்பித்திருப்பாய், நான் சொல்வது வெல்லம்) தேங்காயும் எள்ளும் சுக்கும் ஏலக்காயும் போட்டுப் பிடித்து வைக்க வேண்டும். தேங்காய் நன்றாகச் சிவக்க வறுபட வேண்டும், ஈரம் இருந்தால் ஒரு வாரத்தில் காறல் அடிக்கும். இந்த உருண்டை டின்னுக்குள் பத்து பதினைந்து நாள் அசையாமல் கிடக்கும். ஆனால் மேல்மாவில் முக்கிப் பொரித்ததை அன்றைக்கே தின்ன வேண்டும், மறுநாளே மேல் ஓடு நமுத்துவிடுகிறது. ஆகவே 22ஆம் தேதி உருண்டை பிடித்து, பாதியை மட்டும் பொரிக்கிறேன். மீதி உருண்டை உனக்காகக் காத்திருக்கும். நீ வந்த அன்று சாயந்திரம் அரிசி மாவைக் கரைத்துத் தேங்காயெண்ணெயில் பொரித்துச் சட்டியிலிருந்து நேராக உன் கையில் தருகிறேன், வாய் சுட்டுக்கொள்ளாதே.

ஆப்பமும் ஆட்டுக்கறி ஸ்டூவும் இரண்டு தடவை. நடுச்சாமப் பூசை முடிந்து வந்து விடிகாலையில் தின்பது ஒன்று, 4ஆம் தேதி, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் திருநாள் பூசை முடிந்து வந்து தின்பது இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமையாக வருகிறது, உன் அண்ணனும் மைனியும் பிள்ளைகளும் இங்கேதான் இருப்பார்கள். இரண்டாவது தடவைக்கும் புது உடுப்பு போட வேண்டும் என்று சின்னவன் சொல்கிறான். உங்கப்பா ஒரே உடுப்பைத் துவைத்துப் போட்டால் புதுசுதான் என்கிறார். அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

அப்பா உன்னைத் தேற்ற ஒரு கணக்கு கண்டுபிடித்து வைத்திருக்கிறார். ரஷ்யாவிலும் செர்பியாவிலும் பழைய காலண்டரைப் பார்த்துத்தான் திருநாள் வைக்கிறார்களாம், அது நம்முடையதற்கு 13 நாள் பின்னால் ஓடுகிறதாம், அங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி 7. "அந்தக் கணக்குக்கு அவள் நாலு நாள் முன்னாடியே வந்துவிடுகிறாள், இவ்வளவு அவசரமாக எதற்கு வருகிறாள் என்று கேள்" என்கிறார். பகலில் இப்படிப் பேசிவிட்டு, ராத்திரி நீ வருகிற விமானத்தின் நேரத்தை மூன்றாவது தடவையாகச் சுவர்க் காலண்டரில் எழுதுகிறார். திருவனந்தபுரத்துக்கு அவரும் அண்ணனும்தான் வருவார்கள். நான் வரவில்லை, ஆப்பத்துக்கு மாவரைக்கிற வேலை இருக்கிறது.

குடில் வேலை தொடங்கிவிட்டது. பிரவுன் பேப்பர் மலை, வைக்கோல், உடைந்த கண்ணாடியில் குளம், எல்லாம் பழையபடிதான். 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் வைத்தபோது உயிருள்ள மாடும் கழுதையுமே நின்றன என்று அப்பா தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டார், அன்றிலிருந்து சின்னவன் எதிர்வீட்டு ஆட்டுக்குட்டியைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். எதிர்வீட்டுக்காரரும் தருகிறேன் என்கிறார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை, அது வைக்கோலைத் தின்று முடித்துவிட்டு மலையையும் தின்னும்.

நெல்லை இரண்டு தட்டில் முளைக்க வைக்கிறேன். ஒன்று இன்றைக்குப் போட்டது, 24ஆம் தேதிக்குப் பச்சையாக நிற்கும். ஆனால் நீ வருகிறபோது அது ஆள் உயரத்துக்கு வளர்ந்து பழுத்துச் சாய்ந்துவிடும், அதனால் இன்னொரு தட்டை 24ஆம் தேதி நனைக்கிறேன். இதுகூட எனக்கு நேற்று ராத்திரிதான் தோன்றியது.

மூன்று ராஜாக்களும் இப்போது ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறார்கள். பாட்டி காலத்தில் இருந்து அப்படித்தானே, உடனே குடிலுக்குள் வைக்க விடமாட்டார்கள், அவர்கள் கிழக்கிலிருந்து நடந்து வர வேண்டாமா என்பார்கள். கிறிஸ்துமஸ் அன்று டிவி மேசைக்கு வருவார்கள், புது வருஷத்தன்று ஜன்னல் திண்டுக்கு. ஒட்டகத்தின் கால் உடைந்ததை நீ மூன்றாம் வகுப்பில் பபுள்கம் வைத்து ஒட்டினாய், இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை ஜன்னலிலிருந்து குடிலுக்கு யாரும் தூக்கி வைக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். அது அத்தை வந்து வைப்பாள். சின்னவன், "அத்தை விமானத்தில் வருகிறாள், ராஜாக்கள் ஏன் நடந்தே வருகிறார்கள்" என்று கேட்டான், எனக்குப் பதில் வரவில்லை.

இன்னொன்று, இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நீ போன வருஷம் சொன்னாய் அல்லவா, அயர்லாந்தில் கார்க் என்கிற ஊரில் ஜனவரி 6ஆம் தேதியைப் பெண்களின் கிறிஸ்துமஸ் என்று வைத்திருக்கிறார்கள், அன்றைக்கு வீட்டு வேலையெல்லாம் ஆண்கள் பார்த்துக்கொள்ள, பெண்கள் கூட்டமாக வெளியே போய்த் தின்று குடித்துப் பேசிவிட்டு வருவார்கள் என்று. அந்த ஊர்ப் பாஷையில் ஒரு பெயரும் சொன்னாய், எனக்கு வாயில் நுழையவில்லை. அதை நான் இந்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டேன். டிசம்பர் முழுக்க மாவு சலித்து, எண்ணெய்ப் புகையில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் தட்டு எடுத்துக் கொடுத்து அலுத்துப்போனவர்களுக்கு ஒரு நாள் என்றால், நம் ஊர்க்காரிகள் யாராவதுதான் போய் அங்கே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை வருகிறது. நீ, நான், உன் மைனி, பெரியம்மை, பக்கத்து வீட்டு அக்கா, ஐந்து பேரும் முட்டம் கடற்கரைக்குப் போகிறோம். உங்கப்பாவும் அண்ணனும் சமைக்கிறார்கள். என்ன சமைப்பார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் நானே செய்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன், என்னை எனக்குத் தெரியும். அப்பா ரசமும் முட்டையும் என்று சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

25ஆம் தேதி உனக்குப் பகல் டியூட்டி என்றாய். அன்றைக்கு வேலை முடிந்து அறைக்கு வந்து வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, முதல் வருஷம் அப்படிச் செய்துவிட்டு எனக்கு ஆறு மாதம் கழித்துச் சொன்னாய். கூட இருக்கிற பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கோழியாவது வாங்கிக் குழம்பு வையுங்கள். அன்றைக்கு வீடியோவில் கூப்பிடும்போது நாங்கள் தின்பதைக் காட்ட மாட்டேன், கேட்டாலும் காட்ட மாட்டேன்.

சாக்லேட் கொண்டுவராதே, பெட்டியில் இடம் வீண், அப்பாவுக்குச் சுகர் 210 காட்டியது, பிள்ளைகளுக்குப் பல் சொத்தை. நான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் முறுக்கு வைத்து அனுப்பிய அந்த நீல டின்னைக் கட்டாயம் எடுத்து வா. மூடி இறுக்கமாக இருக்கிற டின் அது ஒன்றுதான், முந்திரிக்கொத்து உருண்டையை இப்போதைக்கு ஹார்லிக்ஸ் பாட்டில்களில் பிரித்துப் போட வேண்டியிருக்கிறது.

அம்மா