யாழ்ப்பாணத்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நகைச்சுவைக்கெனத் தனியான தமிழ் அலைவரிசை ஒன்றை இங்கிருந்தே நடத்தினால் என்ன என்ற பேச்சு நம்மவரிடையே அவ்வப்போது எழுகிறது. தென்னிந்தியப் படங்களின் நகைச்சுவைக் காட்சிகளை வெட்டியெடுத்து, இடையிடையே தொகுப்பாளர் ஒருவரைப் பேசவிட்டால் இருபத்துநான்கு மணிநேரமும் ஓட்டிவிடலாம் என்பதுதான் அந்தப் பேச்சின் அடிப்படை. தயவுசெய்து அப்படித் தொடங்கிவிடாதீர்கள் என்று கேட்பதற்கே இம்மடலை எழுதுகிறேன்.

இந்த ஏற்பாடு புதிதன்று. 1989 நவம்பரில் அமெரிக்காவில் எச்.பி.ஓ. நிறுவனம் தொடங்கிய ‘கொமெடி சனல்’ ஏறத்தாழ இதையே செய்தது. படங்களிலிருந்தும் மேடை நிகழ்ச்சிகளிலிருந்தும் எடுத்த துண்டுகளைத் தொகுப்பாளர்கள் வழங்கினார்கள். 1990 ஏப்ரல் முதலாந் திகதி வயாகொம் நிறுவனம், பழைய நகைச்சுவைத் தொடர்களின் மறுஒளிபரப்பை நம்பி, ‘ஹா!’ என்ற போட்டி அலைவரிசையைத் திறந்தது. (முட்டாள்கள் தினத்தில் திறந்தது தற்செயலாக இராது என்றே நினைக்கிறேன்.) இரண்டும் தனித்து நிலைக்கவில்லை. சரியாக ஓராண்டு கழித்து, அதே ஏப்ரல் முதலாந் திகதி, இரண்டையும் ஒன்றாக்கினார்கள்; அதுவே விரைவில் ‘கொமெடி சென்ட்ரல்’ என்று பெயர் பெற்றது. ஆனால் அந்த அலைவரிசையை உலகம் அறிந்தது 1996இல் தொடங்கிய ‘டெய்லி ஷோ’ என்ற செய்தி நையாண்டி நிகழ்ச்சியாலும் 1997இல் வந்த ‘சவுத் பார்க்’ என்ற அசைவூட்டத் தொடராலும், அதாவது அது தானே எழுதித் தானே தயாரித்தவற்றால். தொடக்க காலத்தில் துண்டுக் காட்சிகளைத் தொகுத்து வழங்கிக்கொண்டிருந்தவர்களுள் ஒருவரான ஜோன் ஸ்டூவர்ட்டே 1999இல் டெய்லி ஷோவைப் பொறுப்பேற்று அதற்குப் புது உருவம் கொடுத்தார் என்பதையும் கவனியுங்கள். ஆள் மாறவில்லை, அவரிடம் கொடுத்த வேலைதான் மாறியது.

அங்கே தோற்ற ஏற்பாடு சென்னையில் எப்படி வென்றது என்று நீங்கள் கேட்கலாம். 2009இல் சன் குழுமம் தொடங்கிய ஆதித்யாவும், கலைஞர் தொலைக்காட்சிக் குழுமத்தின் சிரிப்பொலியும் பெரும்பாலும் திரைப்படத் துண்டுகளையே நம்பி நின்றன. அதற்குக் காரணம் தமிழ்ச் சினிமாவின் அமைப்பிலேயே இருக்கிறது. என்.எஸ். கிருஷ்ணன் காலம் முதலே நகைச்சுவைப் பகுதியைக் கதையிலிருந்து விலக்கி, தனிக் குழுவாக எழுதி, தனியாகப் படமாக்கும் வழக்கம் அங்கு இருந்தது. 1989இல் வெளிவந்த கரகாட்டக்காரனில் ஏ. வீரப்பன் எழுதிய வாழைப்பழக் காட்சியைப் பார்ப்பவருக்கு அந்தப் படத்தின் கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வெட்டுவதற்கு வசதியாகவே தைத்து வைத்த துணி அது. இப்போதைய படங்களில் அப்படித் தனியே நிற்கும் பகுதிகள் அருகிவிட்டன. ஆகவே கவுண்டமணி, செந்தில், விவேக், வடிவேலு ஆகியோரின் அதே காட்சிகள் மீண்டும் மீண்டும் சுழல்கின்றன. புதிய நகைச்சுவையாளர்கள் வந்தது இந்த அலைவரிசைகளிலிருந்து அன்று. 2005இல் விஜய் தொலைக்காட்சி தொடங்கிய ‘கலக்கப்போவது யாரு’ போன்ற, புதிதாக எழுதி மேடையேற்றிய நிகழ்ச்சிகளிலிருந்துதான். சிவகார்த்திகேயன் வெளிப்பட்டதும் அங்கேதான்.

நம்மிடம் அந்தத் துண்டுகளும் இல்லை. அவற்றின் உரிமை சென்னையில் இருக்கிறது. கேபிளிலும் யூரியூப்பிலும் அவை ஏற்கெனவே கிடைக்கின்றன. வேறு ஊரின் இரண்டாந்தரப் பிரதியாக ஓர் அலைவரிசையை நடத்த ஏன் பணம் செலவிட வேண்டும்?

நம்மிடம் இருப்பது வேறு. 1963இல் சிவஞானசுந்தரம் என்ற ‘சுந்தர்’ தொடங்கிய சிரித்திரன் என்ற நகைச்சுவைச் சஞ்சிகை, கேலிச்சித்திரத்தையும் ‘மகுடியார்’ என்ற பெயரில் வந்த கேள்வி பதிலையும் கொண்டு ஒரு தலைமுறைக்கு அரசியலையும் ஊர்ப் பெருமையையும் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தது. இலங்கை வானொலியின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற நகைச்சுவை நாடகம் யாழ்ப்பாணத் தமிழையும், முஸ்லிம்களின் தமிழையும், சிங்களவர் பேசும் தமிழையும், ஐயர் பேச்சையும் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தது. அது 1976இல் திரைப்படமாகவும் வந்தது. கரவெட்டியைச் சேர்ந்த கே.எஸ். பாலச்சந்திரன் தமது ‘அண்ணை றைற்’ தனிநடிப்பில் ஒரு பஸ் கொண்டக்ரரையும் அந்த பஸ்ஸில் ஏறி இறங்கும் சனத்தையும் ஒற்றை ஆளாக நடித்துக் காட்டினார். அதைக் கேட்டவர்களுக்கு இன்றும் வரி வரியாக நினைவிருக்கிறது. 2000இல் வந்த தெனாலியில் கமல்ஹாசன் பேசிய நமது தமிழையும் நாம் ரசித்தோம்தான். ஆனால் அது நம்மை வெளியிலிருந்து பார்த்த நகைச்சுவை. பாலச்சந்திரனின் கொண்டக்ரர் நம்மோடு அதே பஸ்ஸில் வந்தவர்.

இந்தத் தொடர்ச்சி ஏன் அறுந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊரில், ஒலிநாடாக்களைப் பேணி வைப்பது எல்லோராலும் இயலக்கூடிய காரியமாக இருக்கவில்லை. இடம்பெயர்ந்தபோது விட்டுச் சென்றவை போக எஞ்சியவை கொழும்பிலும், ரொறன்ரோவிலும், பாரிசிலும் பல வீடுகளில் சிதறிக் கிடக்கின்றன.

எனவே நான் கேட்பது இருபத்துநான்கு மணிநேர அலைவரிசையை அன்று. வாரத்தில் அரை மணிநேரம் போதும். அதில் ஒரு பகுதியைப் பழைய ஒலிப்பதிவுகளுக்கு ஒதுக்குங்கள். குடும்பத்தினரிடம் முறையாக அனுமதி பெற்று, நடித்தவர் பெயரோடு எழுதியவர் பெயரையும் ஆண்டையும் திரையில் போடுங்கள். வீரப்பனின் பெயர் அறியாமலே அவருடைய காட்சிக்குச் சிரித்த கோடிப்பேர் உண்டு. அந்தக் குறையை நாமும் செய்ய வேண்டாம். மீதிப் பகுதியை இங்குள்ள இளையவர்களுக்குக் கொடுங்கள். அவர்கள் கைத்தொலைபேசியில் எடுத்து இணையத்தில் போடும் குறும்படங்களில் பல சுமாரானவை, சில உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. நல்லவற்றை எழுதுவோரை அழைத்து, ஓர் அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று எழுத்தில் கூலி பேசி எழுதச் சொல்லுங்கள். தொகுப்பாளருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் சம்பளம் கொடுக்கும் நிலையங்கள், நகைச்சுவை எழுதுபவரிடம் மட்டும் ‘உமக்கும் ஒரு வாய்ப்புத்தானே’ என்று சொல்வது இனியாவது நிற்கட்டும்.

ஐம்பது அத்தியாயங்கள் சேர்ந்த பின்னர் தனி அலைவரிசையைப் பற்றிப் பேசலாம்.

இங்ஙனம்,
யாழ்ப்பாணத்து நேயர் ஒருவர்