சினை மாட்டுக்கு ஏறும் ஊசி: வேலூர் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை, மருந்து கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

அணைக்கட்டு ஊர்ப் பக்கம் கறவை மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. விடியற்காலையில் இங்குள்ள கொட்டகைகளுக்கு வந்து பாருங்கள். கூரை ஓலையில் ஒரு சிரிஞ்சு செருகியிருக்கும். பக்கத்தில் லேபிள் இல்லாத பிளாஸ்டிக் பாட்டில். எல்லா மாட்டுக்கும் ஒரே ஊசிதான். குத்திய ஓரிரு நிமிடத்தில் காம்பில் பால் சொட்டும். ஆக்சிடோசின் அது.

கன்று முட்டும்போது தாய்க்குத் தானாகச் சுரக்கிற ஹார்மோன் இது. மடியில் பாலை இறக்குவதும், ஈனும்போது கருப்பையை இறுக்குவதும் இதுவே. நிறைசினையில், கருப்பை வாய் திறக்காதபோது ஏற்றினால் கன்றுக்கு மூச்சு முட்டும், கருப்பை கிழியவும் கூடும். ஈனுவதற்கு 60 நாள் முன்பே கறவையை நிறுத்தி மாட்டை வற்றவிட வேண்டும். வயிற்றுக் கன்று மளமளவென்று வளரும் காலமும் அதுதான். பால் குறைகிறதே என்று அப்போதுதான் ஊசியைத் தேடுகிறார்கள். ஊசிக்குப் பழகிய மாடு அடுத்த ஈத்திலும் அது இல்லாமல் சுரப்பு விடுவதில்லை.

பால் குடிப்பவர்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆக்சிடோசின் புரத வகை, குடலில் செரித்துவிடும். என் கவலையெல்லாம் மாடும் கன்றும்தான்.

வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோனும் அப்படியே. கால் வீக்கம், காய்ச்சல், எதற்கும் அதைத்தான் குத்துகிறார்கள். சினையின் கடைசி மூன்று மாதத்தில் ஏறினால் மாடு நாள் வருமுன்பே ஈன்றுவிடலாம். நஞ்சுக்கொடியும் விழாமல் தங்கும். எங்கள் தெருவில் எட்டு மாதச் சினைக் கிடேரிக்கு அதைப் போட்டவர், சினையா என்றுகூடக் கேட்கவில்லை. தலையீத்துக் கன்று பிழைக்கவில்லை.

பால் பெருக்க மாட்டுக்குக் கேடான ஊசி போட்டால் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் நாலு மாடு வைத்திருப்பவரை உள்ளே தள்ளி என்ன ஆகப்போகிறது? மருத்துவர் சீட்டு இல்லாமல் அந்தப் பாட்டிலை விற்பது யார் என்று பிடியுங்கள்.

பொய்கைச் சந்தை கூடும் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு கால்நடை மருத்துவரை அங்கே உட்கார வையுங்கள். சினை எத்தனை மாதம் என்று கைபோட்டுப் பார்த்து, எந்த ஊசி கூடாது என்று அட்டையில் எழுதி, மாடு வாங்குபவர் கையில் அவர் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
அணைக்கட்டுப் பகுதி மாடு வளர்ப்பவர் ஒருவர்