‘ஸ்கேன் நார்மல்’ என்றால் வலி பொய்யா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் தங்கைக்குப் பதினாறு வயதிலிருந்தே மாதவிலக்கு நாட்களில் கடும் வலி. அதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் என்பது தெரிய வந்தபோது அவளுக்கு வயது 25. அதுவரை அல்சர், உடல் சூடு, இரத்தசோகை என்றெல்லாம் சொன்னார்கள். ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்று சொல்லாதவர் எங்கள் லைன் வீடுகளில் இல்லை. அந்த நாட்களில் இடுப்பில் சாக்கைக் கட்ட முடியாமல் தோளில் போட்டுக்கொண்டு அவள் சரிவில் ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு, சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை முதலிய இடங்களில் வளர்ந்து அழற்சியையும் தழும்பையும் உண்டாக்குவதே இந்நோய். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார அமைப்பு கூறுகிறது.

முதல் ஸ்கேன் ‘நார்மல்’ என்று வந்ததுமே ஒரு மருத்துவமனையில் வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிய ‘சாக்லேட் கட்டி’ என்றால் ஸ்கேனில் தெரியும். வயிற்றின் உள்ளுறையில் படியும் சிறு திட்டுகள் பெரும்பாலும் தெரிவதில்லை. மலம் கழிக்கையிலும் வலிக்கிறது என்பதை மருத்துவரிடம் சொல்ல அவள் கூசியதும் உண்மை. கடைசியில் உதவியது எங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியர்தான். அவர் சொன்னபடி வலித்த நாட்களைத் தினசரிக் காலண்டர் தாளில் குறித்து, அந்தத் தாள்களைக் கோவைக்கு எடுத்துச் சென்றோம். நான்கு மாதத் தாள்களையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்த பிறகே, அங்கிருந்த மகப்பேறு மருத்துவர் இந்நோயைச் சந்தேகித்தார்.

லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா மூலம் உள்ளே பார்க்கும் அறுவை முறை) செய்து பார்த்தால்தான் நோயை உறுதிப்படுத்த முடியும் என்ற நிலை மாறி, அறிகுறிகளை வைத்தே மருந்தைத் தொடங்கலாம் என்று 2022-இல் வந்த ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல் இடமளிக்கிறது. ஒவ்வொரு முறை கோவைக்கு இறங்கும்போதும் ஒரு நாள் கூலியை இழக்கும் எங்களைப் போன்றோருக்கு இது சிறிய விஷயமல்ல.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வருகிறவர்கள், மாதவிலக்கின்போது வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாத அளவுக்கு வலிக்கிறதா, மலம் கழிக்கையில் வலிக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் வீட்டுப் பெண்களிடம் தனியே கேட்க, சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.