தனி ஆளாக மருந்து கொடுக்கும் முறை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நேற்று போனில் நான் சொல்லச் சொல்ல நீ "சரிப்பா, சரிப்பா" என்றாய். அந்தச் சரிப்பாவை எனக்கு நீ ஏழாம் வகுப்பு படித்த காலத்திலிருந்தே தெரியும். அதனால்தான் எழுதியே அனுப்புகிறேன். கீழ் வீட்டுத் தம்பி இதைப் படமெடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவான். படித்தாலும் படிப்பான், படிக்கட்டும், முயல் விஷயம்தானே.

முதலில் புழுக்கை. இன்று காலையில் உன் முயல் புட்டு எத்தனை போட்டது, என்ன அளவில் போட்டது என்று பார்த்தாயா? நீ காயத்தையே விதவிதமாகப் படமெடுத்து அனுப்புகிறாய். காயம் நன்றாகத்தான் இருக்கிறது, தையல் போட்டவருக்குக் கை சுத்தம். ஆபரேஷன் முடிந்த முயலுக்கு இனிப் பயப்பட வேண்டியது குடலுக்குத்தான். வலி, பயம், மயக்க மருந்து எல்லாம் சேர்ந்து குடல் ஓட்டத்தைக் குறைத்துவிடும். குடல் மெதுவானால் உள்ளே வாயு கட்டும், வாயு கட்டினால் வலிக்கும், வலித்தால் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் குடல் இன்னும் மெதுவாகும். நல்லபடியாக இருக்கிற முயல் ஒரு நாளைக்கு 200, 300 புழுக்கை போடும். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் ஓரிரு நாள் குறையும், சிறுக்கும், அது பரவாயில்லை. ஆனால் 12 மணி நேரம் ஒன்றும் தின்னாமல், ஒன்றும் போடாமல் இருந்தால் விடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதே, உடனே தூக்கிக்கொண்டு போ. கார் வீட்டில்தான் நிற்கிறதா? அன்றைக்கு ஆட்டோவில் போனதாகச் சொன்னாயே, அதனால் கேட்டேன். பெட்ரோல் இல்லாமல் இருந்திருக்கும்.

நீ முதலில் போன அந்த இடத்தில் முந்தின ராத்திரியே பட்டினி போட்டுவிடச் சொன்னார்களாமே, அதைக் கேட்டு எனக்கு இரண்டு நாள் ஆத்திரம் அடங்கவில்லை. நாய்க்கும் பூனைக்கும் அது சரி, மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சுக்குழலில் போய்விடும் என்று பயம். முயலால் வாந்தியே எடுக்க முடியாது. அதைப் பட்டினி போடுவது குடலை நாமே நிறுத்தி வைப்பதுதான். நீ அங்கிருந்து எழுந்து வேறு டாக்டரிடம் போனாய் பார், அதை நம் பழைய டாக்டரிடம் சொன்னேன். "உங்க பொண்ணுக்கு நம்ம துறையிலேயே வேலை கொடுத்திருக்கலாம்" என்றார். சிறுநீரில் சிவப்பைப் பார்த்ததும் வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்து வைத்ததையும் சொன்னேன். சில இலைகளைத் தின்றாலே முயலுக்குச் சிறுநீர் ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் போகும், ஒன்றுமில்லை என்று நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். நடுவில் திட்டுத்திட்டாக இருந்தால் அது ரத்தம். கருத்தடை செய்யாத பெட்டை முயலுக்கு வயது ஏறினால் கருப்பையில் கட்டி வருவது சர்வசாதாரணம். நீ பார்த்திராவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அம்மாவிடம் வயிற்றில் கட்டி என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

இவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்தும் ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் எங்களுக்குச் சொல்லுகிறாய். முப்பது வருஷம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊசி போட்டவன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு போன் போட்டிருக்கலாம்.

மாப்பிள்ளை இதை ரஸ்ஸல் மார்க்கெட்டிலிருந்து அட்டைப்பெட்டியில் வாங்கி வந்த அன்று நான் சொன்னதை இப்போது திரும்பச் சொல்லப்போவதில்லை. எட்டு, பத்து வருஷம் இருக்கிற ஜீவன், யோசித்து வாங்குங்கள் என்றேன். சொல்லிவிட்டேன் பார்.

எனக்கும் முயல் என்றால் வேறு கணக்குதான். கொடைக்கானல் மலையில் மன்னவனூருக்குப் பயிற்சிக்குப் போனது நினைவிருக்கிறதா, உனக்கு ஸ்வெட்டர் வாங்கி வந்தேனே. மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அங்கேதான் இருக்கிறது. சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயண்ட் என்ற இரண்டு முயல் இனமும் வரிசை வரிசையாகக் கூண்டில் இருக்கும். அந்த இடத்தில் முயல் என்றால் இத்தனை வாரத்தில் இத்தனை கிலோ என்றுதான் பேச்சு. ஒரு பெட்டையின் உயிருக்காக மேசையில் படுக்கவைத்து வயிற்றைத் திறந்து தைப்பது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். உன் பெரியப்பா இப்போது சிரிக்கிறார். அந்தப் பணத்துக்கு நாலு வெள்ளாடு பிடிக்கலாம் என்கிறார். பிடிக்கலாம்தான். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. வடமதுரைக்காரர்கள் பேச்சை நீயும் மனதில் போட்டுக்கொள்ளாதே.

இப்போது மருந்து விஷயம், இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். வலிக்கு மெலாக்ஸிகாம் சொட்டு மருந்து கொடுத்திருப்பதாகச் சொன்னாய். நன்றாகத்தானே இருக்கிறது என்று நீயாக நிறுத்திவிடாதே. டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாளும் கொடு. முயல் வலியைக் காட்டிக்கொள்ளாத சாதி. காட்டில் நொண்டினால் நரி பார்த்துவிடும் என்ற பயம் அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. கத்தாது, முனகாது. மூலையில் முதுகைக் கூனி உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடிக்கும். வயிற்றைத் தரையோடு அழுத்தும். பக்கத்திலேயே இருந்து பார்த்தால்தான் தெரியும்.

வழக்கமாக ஒருவர் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் சிரிஞ்சில் கொடுப்பார்கள். தனி ஆளாகவும் கொடுக்கலாம். மலையில் வேலை பார்த்தபோது பிடித்துக்கொள்ள ஆள் கிடைக்காத வீடுகளில் நான் செய்ததுதான், கவனமாகப் படி.

கட்டிலிலோ மேசையிலோ வைத்துக் கொடுக்காதே. துள்ளி விழுந்தால் முதுகெலும்பு முறிந்துவிடும், முயலுக்கு எலும்பு லேசு, பின்னங்கால் உதை பலம். தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார். உட்காருவதற்கு முன்பே மருந்து, சிரிஞ்ச், கூழ்க் கிண்ணம், துடைக்கத் துணி எல்லாம் வலது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொள். நடுவில் எழுந்திருக்க முடியாது, எடுத்துக் கொடுக்கவும் ஆள் இருக்காது. துண்டை மடியில் விரித்து முயலை நடுவில் வை. அதன் பின்பக்கம் உன் வயிற்றில் முட்டிக்கொண்டிருக்க வேண்டும், முகம் வெளிப்பக்கம். அப்படி இருந்தால் பின்வாங்க இடம் இல்லை. துண்டின் ஒரு பக்கத்தைக் கழுத்துக்குக் கீழே கொண்டுவந்து சுற்று, அப்புறம் மறுபக்கம். தலை மட்டும் வெளியே. அடிவயிற்றில் தையல் இருப்பதால் இறுக்காதே, தோளைச் சுற்றி இறுக்கம் இருந்தால் போதும். இடது உள்ளங்கையைத் தலைக்குப் பின்னாலிருந்து வைத்துக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாடையின் இரண்டு பக்கமும் வருகிற மாதிரி பிடி. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல்லே இல்லாத இடம் ஒன்று உண்டு. சிரிஞ்சை அந்தப் பக்கவாட்டு வழியாக விடு, நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சாதே, நுரையீரலுக்குப் போய்விடும். அரை மில்லி, ஒரு மில்லி என்று கொடுத்துவிட்டுக் காத்திரு. மென்று விழுங்கும். தலையை ஆட்டினால் நிறுத்து, மூச்சு விடட்டும். மல்லாக்கப் படுக்கவைத்து மட்டும் கொடுக்கவே கூடாது.

முதல் தடவை உன் சட்டை முழுக்கக் கூழாகும். இரண்டாம் தடவை பாதி. அப்புறம் பழகிவிடும்.

கூழுக்கு டாக்டர் கொடுத்த பவுடர் இருந்தால் அதுவே நல்லது. தீர்ந்துபோனால் பெல்லட்டை, அதான் கடையில் விற்கிற முயல் தீவன உருண்டையை, வெந்நீரில் ஊறவைத்து மசித்து வடிகட்டு. கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு சுமார் 50 மில்லி, நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடு. தானாகத் தின்ன ஆரம்பித்ததும் குறைத்துக்கொண்டே வா. காய்ந்த புல் எந்நேரமும் பக்கத்தில் இருக்கட்டும், அதுதான் அதற்குச் சோறு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ளத்தான். கொத்தமல்லித் தழையும் புதினாவும் வாசனைக்கே எழுந்து வரும். முட்டைக்கோஸ் வேண்டாம், வாயு. கேரட்டைக் கண்ணில் காட்டாதே, சர்க்கரை அதிகம். குதிரைமசால் தீவனத் தழை இப்போதைக்கு ஒரு பிடி கொடுத்துத் தின்ன வைக்கலாம், ஆனால் வளர்ந்த முயலுக்கு அதையே பழக்கினால் சுண்ணாம்புச்சத்து கூடிச் சிறுநீர் கெட்டிப்படும். சமையல் தராசில் தினம் காலையில் எடை போட்டு எழுதி வை.

அமாக்ஸிசிலின் என்கிற கிருமிக்கொல்லி மருந்து வீட்டில் இருந்தால் தனியாக எடுத்து வை. காயம் சிவந்திருக்கிறதே என்று யாராவது மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடப் போகிறார்கள். நமக்கு அது சாதாரண மருந்து, முயலின் வாய் வழியாகப் போனால் குடலில் இருக்கிற நல்ல கிருமிகளையெல்லாம் அழித்து ஆளையே கொன்றுவிடும். அம்மா மஞ்சள் பற்றுப் போடச் சொல்லுவாள், போடாதே, நக்கும்.

கழுத்தில் அந்தப் பிளாஸ்டிக் கூம்பைப் போட்டிருந்தாயே, தையலைக் கடிக்கிறதா என்று பார், கடிக்கவில்லை என்றால் டாக்டரைக் கேட்டுக் கழற்றிவிடு. ராத்திரியில் அது ஒரு தனிப் புழுக்கை போடும், சிறு திராட்சைக் கொத்து போல மெத்தென்று பளபளவென்று இருக்கும். அதைக் குனிந்து நேரே வாயில் வாங்கித் தின்றால்தான் அதற்குச் சத்து. கூம்பு இருந்தால் குனிய முடியாது. அருவருப்பாக நினைத்துத் துடைத்தும் போடாதே. கூம்புக்குப் பதிலாக அம்மா என் பழைய பனியன் ஒன்றை வெட்டி வயிற்றுச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறாள். கழுத்திலிருந்து வால் வரைக்கும் நீளம் கேட்டாள், அளந்து அனுப்பு.

நீ அனுப்பிய படத்தில் தரை மொழுமொழுவென்று டைல்ஸ். கால் வழுக்கினால் வயிற்றுத் தையல் இழுபடும், பாய் விரித்து வை. மரத்தூள் வேண்டாம், காயத்தில் ஒட்டும், பழைய துண்டு போதும். அதே படத்தில் பின்னால் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தேன். மேல் தட்டு இரண்டும் காலியாக, துடைத்துச் சுத்தமாக இருக்கிறது. நல்லதுதான், தோல் செருப்பு இருந்தால் முயல் கடித்துவிடும். கிடார் மாட்டியிருந்த ஆணி கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கிறது, உன் தோளில் இடிக்கப் போகிறது, பிடுங்கிவிடு. அம்மா கண்ணாடி போடாமல் பார்த்ததால் முயலை மட்டும்தான் பார்த்தாள்.

தீபாவளிக்கு ரெண்டு பேரும் எப்போது வருகிறார்கள் என்று சின்னத்தை இரண்டு தடவை கேட்டுவிட்டது. முயலுக்கு ஆபரேஷன், அசைக்கக் கூடாது, இந்த வருஷம் வரமாட்டார்கள் என்று நானே சொல்லிவிட்டேன். யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நீ ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

பொய்யும் இல்லை. வெடிச் சத்தம் அதற்கு ஆகவே ஆகாது, பயத்திலேயே தின்பதை நிறுத்திவிடும். தெருப் பக்கம் இல்லாத அறையில் வை, ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியைப் போடு, கூண்டின் மேல் பாதி மறைகிற மாதிரி போர்வை போடு. முழுவதும் மூடாதே. ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி வை. சாம்பிராணிப் புகையும் வேண்டாம். பக்கத்தில் ஆள் இருந்தால் போதும், தூக்கிக் கொஞ்ச வேண்டியதில்லை.

அப்புறம், தையல் பிரிக்கிற நாளுக்கு முந்தின ராத்திரி தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸில் எனக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. தீபாவளிக்கு எல்லோரும் இந்தப் பக்கம் வருகிறார்கள், அந்தப் பக்கம் போகிற வண்டியில் இடம் தாராளமாகக் கிடைத்தது. திண்டுக்கல்லில் ஏறினால் காலையில் பெங்களூர். ஸ்டேஷனுக்கு வராதே, முயலைத் தனியாக விட்டு வரக் கூடாது, நானே ஆட்டோ பிடித்துக்கொள்கிறேன். எனக்கு ஹாலில் ஒரு பாய் போதும். தையல் பிரிக்கும்போது ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் வருகிறேன். வேறு எதையும் கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதையெல்லாம் நீ சொல்கிறபடி செய்யலாம். அவளுக்குக் கால் வலி, இந்த முறை வரவில்லை. முறுக்கும் பருப்புப் பொடியும் கொடுத்து அனுப்புவாள். அதை நீதான் தின்ன வேண்டும்.

நீளம் அளந்து இன்றைக்கே அனுப்பு. துணி வெட்டாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: அமாக்ஸிசிலின் விஷயத்தை மறந்துவிடாதே. இருந்தால் எடுத்து வைக்க வேண்டாம், தூக்கியே போட்டுவிடு.