உறையில் ஒரு வரி எழுதக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாவது படிக்கும் என் பேத்திக்கு புரோகிராம் எழுதிப் பழக ஆர்டுயினோ புரோ மினி என்ற சின்ன மின்னணுப் பலகை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதில் யூஎஸ்பி வாய் கிடையாது. கணினியிலிருந்து புரோகிராம் ஏற்ற யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் தனியாக வேண்டும். எங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கேட்டதும், கட்டைவிரல் நீளத்தில் ஒன்றை உறையில் போட்டுக் கொடுத்தார்கள். உறையில் ஓர் எழுத்து இல்லை.

மூன்று நாள் மல்லுக்கட்டினோம். அடாப்டரின் டிஎக்ஸை (அனுப்பும் முனை) பலகையின் டிஎக்ஸோடு கோர்த்திருந்தேன். இது பேசுவதை அது கேட்க வேண்டுமானால், இதன் டிஎக்ஸ் அதன் ஆர்எக்ஸுக்கு (வாங்கும் முனை) போக வேண்டுமாம், பேத்திதான் கண்டுபிடித்தாள். அப்புறம், புரோகிராம் ஏற்றும்போது பலகையைத் தானாக ரீசெட் செய்யும் டிடிஆர் கம்பி. அதை இணைக்காவிட்டால் சரியான நொடியில் ரீசெட் பொத்தானை நாமே அமுக்க வேண்டும். நான் அமுக்கினால் பிந்தும், அவள் அமுக்கினால் முந்தும்.

அதுகூடப் பரவாயில்லை. பிறகு அதே அடாப்டரில் இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப்பை இணைத்தேன். அடாப்டரில் வோல்ட்டை மாற்றும் ஜம்பர் 5 வோல்ட்டில் இருந்தது. அந்தச் சிப்புக்கு 3.3 வோல்ட்தான். பார்க்காமல் அதன் மின்சாரத்தையும் அங்கிருந்தே கொடுத்துவிட்டேன். தொட்டால் சுட்டது, அதோடு சரி. முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன் செய்கிற வேலையா இது!

ஜம்பர் எத்தனை வோல்ட்டில் இருக்கிறது, அடாப்டர் உள்ளே இருக்கும் சிப் சிஎச்340-ஆ சிபி2102-ஆ என்று கடைக்காரர்கள் உறையில் பேனாவால் எழுதினாலே போதும். கணினியில் அதற்கான எந்த டிரைவர் மென்பொருளைப் போடுவது என்று தேடி அலைய வேண்டாம். உங்கள் மாணவர் பக்கத்திலும் இந்த இணைப்பைப் படத்தோடு ஒருமுறை போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஃபிட்டர், அல்சூர், பெங்களூரு