நீல் ஹசேவிச்சின் மரச்செதுக்கு ஓவியங்களைக் காப்போருக்கு ஒரு திறந்த மடல்

உக்ரைனின் ஆவணக் காப்பகங்களிலும் அருங்காட்சியகங்களிலும், புலம்பெயர்ந்த உக்ரைனியரின் நூலகங்களிலும் நீல் ஹசேவிச்சின் படைப்புகளைப் பேணிவரும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நான் மரக்கட்டையில் செதுக்கி அச்செடுக்கும் தொழிலைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவன். உங்கள் மொழியோ அரசியலோ எனக்குப் பிறப்போடு வந்தவை அல்ல. உளி பிடித்தவனுக்கு உளி பிடித்த இன்னொருவரின் கையை அடையாளம் தெரியும் என்ற உரிமையில் மட்டுமே இதை எழுதுகிறேன்.

1905-இல், இன்றைய மேற்கு உக்ரைனில் உள்ள வொலின் பகுதியின் தியூக்சின் என்ற சிற்றூரில் பிறந்து, சிறுவயதில் தண்டவாளத்தைக் கடந்த வண்டியின் மீது ரயில் மோதியதில் தாயையும் தன் இடது காலையும் இழந்து, பின்னர் தானே மரத்தில் கால் செய்து பொருத்திக்கொண்டு வார்சா நுண்கலைக் கல்விக்கூடம்வரை சென்று பயின்ற ஹசேவிச்சின் கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1943 முதல், உக்ரைனின் விடுதலைக்காகச் சோவியத் ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட உக்ரைன் கிளர்ச்சிப் படையின் தலைமறைவு இயக்கத்தில் இருந்த அவர், துண்டறிக்கைகளுக்கும் நையாண்டி இதழ்களுக்கும் படம் செதுக்கினார். படையின் விருதுச் சிலுவைகளை வரைந்தார். இயக்கத்துக்கு நிதி கொடுத்தோரிடம் ரசீதாகத் தரப்பட்ட, பணத்தாள் போன்ற சீட்டுகளையும் வடிவமைத்தார். நான் பேச விரும்புவது அந்தப் படங்களை நீங்கள் மக்கள்முன் வைக்கும் முறையைப் பற்றி.

மரச்செதுக்கில் உளி எடுத்துப்போட்ட இடம் தாளில் வெள்ளையாகும். விட்டுவைத்த மரமே கறுப்பாகும். எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். ஒரு முகத்தின் கன்னக் கோட்டை மயிரிழை அதிகமாக வெட்டிவிட்டால் அந்த முகம் போயிற்று, அதை ஒட்டவைக்க வழியில்லை. இந்த வேலையைப் பகல் வெளிச்சத்தில், சன்னலோர மேசையில் செய்யும்போதே என் கண்கள் மாலைக்குள் களைத்துவிடுகின்றன. கிரீவ்கா என்று உங்கள் மக்கள் அழைக்கும் மண்ணடி மறைவிடத்தில், ஈரம் சொட்டும் பலகைச் சுவர்களுக்கு நடுவே, சிறு காற்றுத்துளையை நம்பிச் சுவாசித்துக்கொண்டு, விளக்கின் மங்கிய வெளிச்சத்தில் அவர் அதைச் செய்தார். ஈரத்தில் கட்டை உப்பும், உலர்ந்தால் வெடிக்கும். மூச்சுக்காற்று குறையும்போது விளக்கும் கூடவே தணியும். கூட்டுப் பண்ணைக்கு விரட்டப்படும் உழவரையும், காட்டில் நிற்கும் போராளிகளையும் காட்டும் அவரது அச்சுகளில் இருளை வெட்டி வெளிச்சத்தை வரவழைக்கும் அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது, அவை எந்த இருளுக்குள் பிறந்தவை என்பதை என்னால் மறக்க முடிவதில்லை.

ஆனால் பார்வையாளருக்கு இது எதுவும் தெரிய வழியில்லாமல் போகிறது. கணினித் திரையிலும் சுவரொட்டியிலும் பெரிதாக்கப்பட்ட படத்தில், உள்ளங்கையில் அடங்கக்கூடிய பொருளுக்கும் கதவளவு ஓவியத்துக்கும் வேறுபாடு மறைந்துவிடுகிறது. எனவே அவரது அச்சுகளை அவற்றின் உண்மையான அளவிலேயே காட்டுங்கள். மூலக்கட்டைகள் எஞ்சியிருக்கும் இடங்களில் அவற்றை அச்சுக்குப் பக்கத்திலேயே வைத்து, ஒளியைப் பக்கவாட்டிலிருந்து விழச்செய்யுங்கள். உளி வழுக்கிய இடமும், தயங்கி நின்ற இடமும் அப்போதுதான் தெரியும். அவரை மதிக்க அந்தத் தடுமாற்றங்களையும் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

1952-இல் பிலடெல்பியாவில் வெளியான தொகுப்பின் தலைப்புப் பக்கம், அதிலுள்ள மரச்செதுக்குகள் 1947 முதல் 1950 வரை உக்ரைனில் ஹசேவிச்சும் அவருடைய மாணவர்களும் செய்தவை என்று கூறுகிறது. அந்த மாணவர்கள் தலைமறைவில் தொழில் பழகியவர்கள். எந்த அச்சு யாருடைய கை என்பதை ஆவணங்கள் அனுமதிக்கும் அளவுக்குப் பிரித்துக் குறிப்பிடுங்கள். எல்லாவற்றையும் ஆசானின் பெயரிலேயே ஏற்றிவிடுவது ஆசானுக்கும் பெருமையாகாது.

இனிச் சொல்லப்போவது உங்களில் சிலருக்குக் கசக்கலாம். 1943-இல் அதே வொலினில், அதே கிளர்ச்சிப் படையின் பிரிவுகள் போலந்துக் குடிமக்களைப் பல்லாயிரக்கணக்கில் கொன்றன. ஜூலை 11 அன்று ஒரே நாளில் பல ஊர்கள் தாக்கப்பட்டன. சோவியத் அரசு மேற்கு உக்ரைனியரைக் குடும்பம் குடும்பமாகச் சைபீரியாவுக்கு நாடுகடத்தியது எவ்வளவு உண்மையோ, இதுவும் அவ்வளவு உண்மை. ஹசேவிச் தம் கலையைப் பயின்றது போலந்தின் தலைநகரில், மரச்செதுக்கு அந்நாட்டில் மிக உயர்ந்து நின்ற காலத்தில். அந்தப் பள்ளியின் சுவடு அவர் வெட்டிய ஒவ்வொரு கோட்டிலும் இருக்கிறது. ஆகவே போலந்து மக்களுக்கு நேர்ந்ததை வேறோர் அறைக்கோ அடிக்குறிப்புக்கோ தள்ளாமல், அவருடைய படங்கள் தொங்கும் அதே சுவரில், அதே எழுத்தளவில் எழுதிவையுங்கள். அந்தப் படங்களின் வலிமை அதனால் குறைந்துவிடும் என்று நான் அஞ்சவில்லை. கொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தச் சுவர்முன் வந்து நிற்கக்கூடும். அவர்களிடம் மறைத்துவைத்த ஒன்றோடு எந்தக் கலைஞரையும் அறிமுகப்படுத்துவது முறையல்ல.

1952 மார்ச் 4 அன்று ரிவ்னே பகுதியின் சுகிவ்த்சி ஊரில், சோவியத் பாதுகாப்புப் படையினர் சுற்றிவளைத்த மறைவிடத்தில் அவர் தம் தோழர்கள் இருவருடன் இறந்தார். அவருக்கு வயது 46. அவரைத் தேடியவர்கள் சேர்த்துவைத்த கோப்புகளே இன்று அவரைப் பற்றிய சான்றுகளாக உங்கள் கையில் இருக்கின்றன. அந்தக் கோப்புகளையும் அச்சுகளையும் தெளிவான படிமங்களாக்கி, ஒவ்வொன்றின் நீளம் அகலத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் குறித்து, தொலைவில் உள்ள எங்களைப் போன்ற கைத்தொழிலாளரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். அப்படிச் செய்தால், அவற்றில் ஒன்றை அதே அளவுக் கட்டையில் கோட்டுக்குக் கோடு செதுக்கிப் பழக நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மரச்செதுக்குத் தொழிலாளி ஒருவன்